ஜேசான் நெடுவரிசையும் ஜாவா கிளாஸும்: ஒரு கேட்டரிங் ஆர்டரை வைத்து

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டேபிளில் ஒரு ஜேசான்பி நெடுவரிசை இருக்கிறது, அதாவது பெயரும் மதிப்புமாக விவரங்களை எழுதும் ஜேசான் வடிவத்தை வைத்துக்கொள்ளும் நெடுவரிசை. ஜாவா பக்கம் அது ஒரு கிளாஸாக வந்து நிற்க வேண்டும். ஜாவா ஆப்ஜெக்ட்களை டேபிள் வரிசைகளோடு இணைக்கும் ஹைபர்நேட் 6-இல் இதற்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஃபீல்டுக்கு மேலே ஜேடிபிசி டைப் கோட் என்ற குறிப்பைப் போட்டு, வகை ஜேசான் என்று சொல்லிவிட்டால் போதும். ஜேசானை எழுதிப் படிக்கும் ஜாக்சன் நூலகம் கிளாஸ்பாத்தில் இருந்தால் ஹைபர்நேட் அதைத் தானே கண்டுபிடித்து, எழுதும்போது ஜேசானாக்கும், படிக்கும்போது ஆப்ஜெக்டாக்கும். சில நிமிட வேலைதான். அதற்கு அப்புறம் வரும் மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் வேலை பார்ப்பது கேட்டரிங் நிறுவனங்களுக்கு ஆர்டர் மென்பொருள் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். சிங்கப்பூரில் கேட்டரிங் ஆர்டர் என்றால் அதற்குள் எல்லாமே அடக்கம். வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணம், ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்தின் மதிய விருந்து, தொழிலாளர் தங்குவிடுதிக்குத் தினமும் போகும் பொட்டலச் சாப்பாடு, கோயில் அன்னதானம். ஆர்டர் என்று டேபிள் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேட்டு வைக்க வேண்டிய விவரம் வேறு. பஃபே என்றால் மேசை விரிப்பின் நிறம், எத்தனை மணிக்கு அமைக்க வேண்டும், எத்தனை மணிக்கு வந்து எடுக்க வேண்டும். பொட்டலம் என்றால் ஹலால் எத்தனை, சைவம் எத்தனை, வெங்காயம் பூண்டு சேர்க்காதது எத்தனை. அன்னதானம் என்றால் அண்டாவை எப்போது திரும்ப எடுப்பது. எல்லாவற்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வைத்தால் டேபிளில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். பெயர் ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம் என்று துணை டேபிள் போட்டால், ஒரு ஆர்டரைப் படிக்கவே பத்திருபது வரிசைகளை இழுக்க வேண்டும். அதனால் ‘விருப்பங்கள்’ என்று ஒரே ஒரு ஜேசான்பி நெடுவரிசை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அதை எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கருத்து இதுதான்: ஜேசான் நெடுவரிசையிலிருந்து வரும் ஆப்ஜெக்ட் ஒரு தேதியைப் போல. அதை முழுசாகப் படிக்கலாம், முழுசாக வேறொன்றால் மாற்றலாம். தேதிக்குள்ளே கையை விட்டு மாதத்தை மட்டும் யாரும் திருகுவதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பாதி வராது. மீதிப் பாதி வந்தாலும் எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

கொஞ்சம் பழைய கதை. போஸ்ட்கிரெஸில் ஜேசான் வகை வந்தது 9.2-இல், 2012-இல். அதை உடைத்து இருமமாக வைத்து, இண்டெக்ஸ் போட வசதி தரும் ஜேசான்பி 2014 டிசம்பரில் 9.4-உடன் வந்தது. மைஎஸ்கியூஎல் 5.7 அடுத்த வருடமே தன் பங்குக்கு ஒரு ஜேசான் வகையைக் கொடுத்தது. ஜாவா பக்கம் 2013-இல் வந்த ஜேபிஏ 2.1 (ஆப்ஜெக்ட்களை டேபிள்களோடு இணைப்பதற்கான ஜாவா தரநிலை) நமக்குக் கொடுத்தது ஆட்ரிபியூட் கன்வர்ட்டர்தான். ஆப்ஜெக்டை எழுத்துச்சரமாக்கு, எழுத்துச்சரத்தை ஆப்ஜெக்டாக்கு, அவ்வளவே. அதை நம்பி ஜேசான்பி நெடுவரிசையில் எழுதப் போனால், நெடுவரிசை ஜேசான்பி, நீ தருவதோ எழுத்துச்சரம் என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். அதைத் தாண்டுவதற்கு இணைப்பு முகவரியில் ஸ்ட்ரிங்டைப் அன்ஸ்பெசிஃபைட் என்று சேர்ப்பார்கள், அல்லது எழுதும் இடத்தில் வகைமாற்றத்தைக் கையால் சொருகுவார்கள். விளாட் மிஹால்சியாவின் ஹைபர்நேட் டைப்ஸ் நூலகம், இப்போது ஹைப்பர்சிஸ்டன்ஸ் யூட்டில்ஸ் என்று பெயர், பல வருடம் இந்த வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்தது. 2022-இல் ஹைபர்நேட் 6 வந்து, அதையே உள்ளுக்குள் சேர்த்துக்கொண்டது. பழைய புராஜெக்ட்களில் இந்த மூன்று வழிகளும் ஒரே டேபிளில் கலந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கிடந்தால் முதலில் ஒரே வழிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கன்வர்ட்டர் எழுதுவது ஒரு மாதிரியும் ஜாக்சனின் மேப்பர் எழுதுவது வேறு மாதிரியும் இருந்தால், பின்னால் தேடுவது பெரும்பாடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் வாடிக்கையாளர்களின் சமையற்கூடங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சமையற்கூடச் சுவரில் ஒரு திரை இருக்கும். அன்றைய ஆர்டர்களைச் சில வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும். அந்தச் சமயத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆர்டரைத் திருத்துபவர்களுக்கு ஒரு பிழை வர ஆரம்பித்தது. ‘இந்த ஆர்டரை வேறொருவர் மாற்றிவிட்டார், மறுபடி திறக்கவும்.’ மறுபடி திறந்தாலும் அதேதான். வேறொருவர் யாரும் கிடையாது.

எங்கள் குழுவில் இருக்கும் தம்பி, திருச்சிக்காரர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அவர்தான் முதலில் கவனித்தார்.

“அக்கா, யாருமே ஆர்டரைத் தொடலை. ஆனா வெர்ஷன் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு.”

“எஸ்கியூஎல் லாகை ஆன் பண்ணிட்டு அந்தத் திரையை மட்டும் ஓடவிடுப்பா.”

ஓடவிட்டால், திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதில் தெரிந்த அத்தனை ஆர்டர்களுக்கும் ஒரு அப்டேட் போனது. திரை எதையும் எழுதுவதில்லை, படிக்கத்தான் செய்கிறது. ஆனால் படிக்கிற டிரான்சாக்ஷன் (ஒரு தொகுதியாக நடக்கும் டேட்டாபேஸ் வேலை) முடியும் இடத்தில் ஹைபர்நேட் ‘இது மாறிவிட்டது’ என்று முடிவு கட்டி எழுதிவிடுகிறது. எழுதினால் வெர்ஷன், அதாவது ஒவ்வொரு முறை எழுதும்போதும் கூடும் வரிசையின் எண், ஏறும். வெர்ஷன் ஏறினால், அலுவலகத்தில் அந்த ஆர்டரைத் திறந்து வைத்திருப்பவரின் சேமிப்பு நிராகரிக்கப்படும்.

ஏன் அப்படி முடிவு கட்டுகிறது? ஹைபர்நேட் ஒரு வரிசையைப் படிக்கும்போது அதன் அப்போதைய நிலையை ஒரு பிரதி எடுத்து ஓரமாக வைத்துக்கொள்கிறது. டிரான்சாக்ஷன் முடியும்போது இப்போதைய நிலையை அந்தப் பிரதியுடன் ஒவ்வொரு ஃபீல்டாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. எண், எழுத்துச்சரம் என்றால் பிரச்சினையில்லை. ஜேசானிலிருந்து வந்த ஆப்ஜெக்ட் என்றால், நாம் உள்ளே எதையாவது மாற்றிவிடக்கூடும் என்பதால் ஆழப் பிரதி எடுக்க வேண்டும். அதை எப்படி எடுக்கிறது தெரியுமா? ஆப்ஜெக்டை ஜேசானாக எழுதி, அந்த ஜேசானை மறுபடி படித்து இன்னொரு ஆப்ஜெக்டாக்குகிறது. இப்போது கையில் இரண்டு ஆப்ஜெக்ட்கள். உள்ளடக்கம் ஒன்று, ஆனால் நினைவகத்தில் வேறு வேறு இடம். ஒப்பிடுவது ஈக்வல்ஸ் மெதடை வைத்து. அந்தக் கிளாஸில் யாரும் ஈக்வல்ஸ் எழுதவில்லை என்றால் ஜாவாவின் இயல்பான ஈக்வல்ஸ் வேலை செய்யும், அது ‘இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா’ என்று மட்டும்தான் பார்க்கும். இல்லை என்றே எப்போதும் பதில் வரும். ஆகவே, ஒவ்வொரு தடவையும் மாறிவிட்டது என்று முடிவு.

எங்கள் விருப்பங்கள் கிளாஸில் ஈக்வல்ஸ் இல்லை. உள்ளே இருந்த ‘உணவுக் கட்டுப்பாடு’ கிளாஸிலும் இல்லை. வெளியே எழுதிவிட்டு உள்ளே விட்டாலும் இதே கதைதான். சங்கிலி முழுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், வெர்ஷன் நெடுவரிசை இல்லாத டேபிளாக இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது. டேட்டாபேஸ் மட்டும் சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்திருக்கும். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் வரிசையின் புதுப் பதிப்பு ஒன்றை எழுதுவது என்று அர்த்தம், பழையதை அப்புறம் வேக்யூம் வந்து பெருக்க வேண்டும். வரிசை ஏறக்குறைய 2 கிலோபைட்டைத் தாண்டினால் பெரிய மதிப்புகளைச் சுருக்கும், அப்படியும் அடங்காவிட்டால் டோஸ்ட் என்ற தனி இடத்துக்குத் தள்ளிவிடும். ஹைபர்நேட் வழக்கமாக எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்தே அப்டேட் அனுப்புவதால், ஆர்டரின் நிலையை மட்டும் ‘தயார்’ என்று மாற்றினாலும் அந்தப் பெரிய ஜேசானும் கூடவே திரும்ப எழுதப்படும். இதற்கு டைனமிக் அப்டேட் என்ற குறிப்பு இருக்கிறது. மாறிய நெடுவரிசையை மட்டும் அனுப்பும். சாதாரண டேபிள்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய ஜேசான் இருக்கும் டேபிளில் கட்டாயம் போடுவேன்.

தீர்வாக விருப்பங்களை ஜாவா ரெக்கார்டாக, அதாவது மதிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும் கிளாஸாக, மாற்றினோம். ஜாவா 16-இலிருந்து ரெக்கார்ட் முழு அம்சம், ஜாக்சன் 2.12-இலிருந்து அதைப் புரிந்துகொள்கிறது. ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும் தானாகவே வந்துவிடுகின்றன. செட்டர் கிடையாது என்பதால் உள்ளே கையை விட வழியே இல்லை. ரெக்கார்டுக்குள் பட்டியல் இருந்தால் மட்டும் கன்ஸ்ட்ரக்டரிலேயே லிஸ்ட் காப்பி ஆஃப் என்று மாற்றமுடியாத பிரதி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரெக்கார்ட் பூட்டிய பெட்டி, பட்டியல் திறந்த பெட்டி என்று ஆகிவிடும். இவ்வளவும் செய்தபின் மியூட்டபிலிட்டி குறிப்பில் ‘இது மாறாதது’ என்று ஹைபர்நேட்டுக்குச் சொல்லலாம். அப்புறம் அந்த எழுதிப் படிக்கும் ஆழப் பிரதி வேலையையும் அது விட்டுவிடும். திரைக்கான டிரான்சாக்ஷனை ரீட் ஒன்லி ஆக்கினோம். ஸ்பிரிங் 5.1-இலிருந்து ஹைபர்நேட் செஷனையே ரீட் ஒன்லியாக வைத்துவிடுகிறது, ஒப்பிட்டுப் பார்க்கும் பிரதியே எடுக்கப்படாது. ஆனால் ரீட் ஒன்லியை மட்டும் போட்டுவிட்டு ஈக்வல்ஸை விட்டிருந்தால் நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் மட்டும் இறங்கியிருக்கும்.

கிளாஸ் வேண்டாம், மேப் ஒன்றில் ஸ்ட்ரிங்குக்கு ஆப்ஜெக்ட் என்று வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் கடுமையாக எதிர்ப்பேன். லாங் வகையில் 5 என்று போட்டால், திரும்பி வரும்போது அது இண்டிஜராக வரும், ஏனென்றால் ஜேசானில் எண் எண்தான், ஜாக்சன் கொள்ளும் சின்ன வகையில் வைத்துக்கொள்ளும். லாங் 5-உம் இண்டிஜர் 5-உம் ஜாவாவுக்குச் சமம் இல்லை. அதனால் மேலே சொன்ன தேவையில்லாத அப்டேட் இங்கேயும் முளைக்கும், எங்கேயாவது வகைமாற்றப் பிழையும் வெடிக்கும். தசம எண் டபுளாக வரும், பணத்தை அதில் வைத்தால் தொலைந்தோம். பணத்தைப் பிக் டெசிமலாக வைத்தாலும் 4.5-உம் 4.50-உம் அதன் ஈக்வல்ஸுக்கு வேறு வேறு. நாங்கள் ஜேசானுக்குள் பணம் என்றால் சென்ட் கணக்கில் முழு எண்ணாகத்தான் வைக்கிறோம்.

சிங்கப்பூரில் எண் என்று நினைத்து ஏமாற வைக்கும் இன்னொன்று அஞ்சல் குறியீடு. ஆறு இலக்கம். மரினா பே பக்கம் 018 என்று தொடங்கும். இதை எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் சுழியம் போய்விடும். ஜேசான் இலக்கணமே எண்ணுக்கு முன்னால் சுழியம் வைக்க அனுமதிப்பதில்லை. புளோக் எண்ணும் அப்படித்தான், 12 என்று இருக்கும் பேட்டையிலேயே 12ஏ என்று ஒன்று இருக்கும். வீட்டு எண்ணில் மாடி, கோடு, எண் எல்லாம் வரும். தரைவீட்டுக்கு அது இருக்காது, புளோக் கீழ்த்தளத்தில் நடக்கும் விசேஷத்துக்கும் இருக்காது. டெலிவரி முகவரி என்பது ஜேசானில் வைக்க நல்ல மதிப்பு, ஏனென்றால் அந்த ஆர்டர் எங்கே போனதோ அதுதான் அதன் முகவரி. வாடிக்கையாளர் அப்புறம் வீடு மாறினாலும் பழைய ஆர்டரின் முகவரி மாறக் கூடாது. ஆனால் எல்லா ஃபீல்டும் எழுத்துச்சரம்.

விலைப்பட்டியலும் அதே வகைதான். பொருள் சேவை வரி 2022 வரை 7 விழுக்காடு, 2023-இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. பழைய பில்லைத் திறந்தால் அன்றைய விழுக்காடுதான் தெரிய வேண்டும். பில் போட்ட கணத்தில் விலை, வரி, உணவின் பெயர் எல்லாவற்றையும் ஒரு ஜேசானாக உறைய வைத்து, அந்த நெடுவரிசைக்கு அப்டேட்டபிள் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். இதைவிடப் பொருத்தமான பயன் ஜேசான் நெடுவரிசைக்கு எனக்குத் தெரியாது.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். கிளாஸின் வடிவம் மாறும்போது என்ன ஆகிறது?

ஜேசான் நெடுவரிசைக்கு ஸ்கீமா (எந்தெந்த ஃபீல்ட், என்ன வகை என்ற வரையறை) இல்லை என்று சொல்வார்கள். என் பார்வையில் ஸ்கீமா இருக்கிறது, ஜாவா கிளாஸில் இருக்கிறது, அவ்வளவுதான். வித்தியாசம் என்னவென்றால், நெடுவரிசையின் பெயரை மாற்றினால் டேட்டாபேஸ் எல்லா வரிசைக்கும் சேர்த்து மாற்றிவிடும். கிளாஸில் ஃபீல்டின் பெயரை மாற்றினால் இனி எழுதும் வரிசைகள் மட்டும்தான் மாறும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆர்டர் பழைய பெயரோடு அப்படியே இருக்கும். யாராவது அதைத் திறக்கும் வரை தெரியவும் தெரியாது.

இங்கே ஜாக்சனின் ஒரு அமைப்பு முக்கியம். தெரியாத ஃபீல்ட் வந்தால் பிழை எறியச் சொல்லும் அமைப்பு, ஜாக்சன் 2-இன் வெறும் ஆப்ஜெக்ட் மேப்பரில் (ஜேசானை எழுதிப் படிக்கும் அதன் கிளாஸ்) இயல்பாக ஆனில் இருக்கும். ஸ்பிரிங் பூட் தரும் மேப்பரில் அது ஆஃப். பலர் கவனிக்காத விஷயம், ஹைபர்நேட் ஸ்பிரிங்கின் மேப்பரைப் பயன்படுத்துவதில்லை, தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கில் தேதி வடிவம், பெயரிடும் முறை எல்லாம் அழகாக அமைத்திருப்போம், மற்ற மென்பொருள்களுக்குப் பதில் தரும் ஏபிஐ ஒரு மாதிரி ஜேசான் தரும், டேட்டாபேஸில் வேறு மாதிரி ஜேசான் உட்கார்ந்திருக்கும். ஹைபர்நேட் அமைப்பில் ஜேசான் ஃபார்மேட் மேப்பர் என்று ஒன்று இருக்கிறது. நம்முடைய மேப்பரை அங்கே நாமே கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஏபிஐயின் மேப்பரையே கொடுக்காதீர்கள். ஏபிஐயின் வடிவத்தை யாராவது நாளை மாற்றுவார்கள், டேட்டாபேஸில் கிடக்கும் வரிசைகள் அதற்குப் பொறுப்பில்லை. டேட்டாபேஸுக்கென்று ஒரு மேப்பர், அதை யாரும் சும்மா தொடக் கூடாது.

சரி, தெரியாத ஃபீல்டை விட்டுவிடச் சொன்னால் பாதுகாப்புதானே? இல்லை, அதில்தான் பெரிய ஆபத்து. புது வெளியீட்டில் விருப்பங்களுக்கு ‘ஒவ்வாமை’ என்று ஒரு ஃபீல்ட் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சர்வர்களை ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவோம், கொஞ்ச நேரம் பழைய கோடும் புதுக் கோடும், அதாவது பழைய நிரலும் புது நிரலும், சேர்ந்து ஓடும். புதுக் கோட் ‘கடலை ஒவ்வாமை’ என்று எழுதுகிறது. அடுத்த நொடி பழைய கோட் அதே ஆர்டரைப் படிக்கிறது. ஒவ்வாமை என்ற ஃபீல்ட் அதற்குத் தெரியாது, பேசாமல் விட்டுவிடுகிறது. மேசை விரிப்பின் நிறத்தை மாற்றி முழு ஜேசானையும் திரும்ப எழுதுகிறது. ஒவ்வாமை போயே போய்விட்டது. பிழை இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. வெர்ஷன் சோதனையும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் பழைய கோட் புது வெர்ஷனைப் படித்துவிட்டுத்தான் ஒழுங்காக எழுதுகிறது. சமையற்கூடத்தில் கடலை எண்ணெய் ஊற்றும் ஆளுக்கு இது தெரிய வழியே இல்லை. தனி நெடுவரிசையாக இருந்திருந்தால் பழைய கோட் அதைத் தொட்டே இருக்காது.

இதனால் நாங்கள் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒன்று, ஆளின் உடம்பைப் பாதிக்கும் எதுவும் ஜேசானுக்குள் போகாது. ஒவ்வாமைக்கு எங்களிடம் தனி டேபிள். இரண்டாவது, ஜேசானாக இருக்கும் ஒவ்வொரு ரெக்கார்டிலும் தெரியாத ஃபீல்டுகளைச் சேர்த்து வைக்க ஒரு மேப் இருக்கும். ஜாக்சனில் எனி செட்டர், எனி கெட்டர் என்று இருக்கின்றன, ஒன்று தெரியாததை வாங்கி வைக்கும், மற்றது எழுதும்போது திருப்பிக் கொடுக்கும். பழைய கோடுக்குப் புது ஃபீல்ட் புரியாவிட்டாலும் தொலைக்காது. பெயர் மாற்றத்துக்கு முதல் வெளியீட்டில் ஜேசான் அலயஸ் போட்டு இரண்டு பெயரையும் படிக்க வைப்போம், எழுதுவது மட்டும் பழைய பெயரில். எல்லா சர்வரும் மாறிய பிறகு, அடுத்த வெளியீட்டில் புதுப் பெயரில் எழுதுவோம். அப்புறம் மைக்ரேஷன் ஸ்கிரிப்டில் பழைய வரிசைகளைத் திருத்துவோம். மெதுவான வழிதான். ஆனால் இதைவிடக் குறுக்கு வழி இருப்பதாக யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

ஆர்டர் வகைக்கு ஏற்ப வேறு வேறு கிளாஸ் வரும் இடத்தில், வகையின் பெயரை ஜேசானுக்குள் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஜாவா கிளாஸின் முழுப் பெயரை எழுதும் வசதியும் ஜாக்சனில் உண்டு. அதை எடுக்கவே கூடாது. நாளை யாராவது பேக்கேஜை மாற்றினால் பழைய வரிசைகள் படிக்க முடியாமல் போகும், பாதுகாப்பு ஓட்டையும் கூட. ‘பஃபே’, ‘பொட்டலம்’ என்று நாமே ஒரு பெயர் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் சம்பந்தமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வேறு யாரும் எழுத மாட்டார்கள். உணவின் பெயரை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரு ஜேசானில் வைத்திருக்கிறோம். ஒருநாள் தமிழில் ‘பொங்கல்’ என்று தேடினால், சில கடைகளின் பொங்கல் வருகிறது, சில கடைகளின் பொங்கல் வரவில்லை. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. காரணம், ‘பொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் சமானம் என்று யூனிகோட் சொல்கிறது, ஆனால் ஜாவாவின் ஈக்வல்ஸுக்கும் ஜேசான்பிக்கும் இரண்டும் வேறு எழுத்துச்சரங்கள். ஜேசான்பி இடைவெளிகளை நீக்கும், ஃபீல்டுகளின் வரிசையை மாற்றும், ஒரே ஃபீல்ட் இரண்டு முறை வந்தால் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும், ஆனால் எழுத்துச்சரத்துக்குள் கை வைக்காது. அதனால் ரெக்கார்டின் கன்ஸ்ட்ரக்டரிலேயே நார்மலைசர் கொண்டு, அந்த இரண்டு குறியீட்டை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம். ஏற்கெனவே கிடந்த வரிசைகளுக்கு, போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து இருக்கும் நார்மலைஸ் ஃபங்ஷன் கைகொடுத்தது. தமிழ், மலையாளம், வங்காளம் போன்ற எழுத்துகளை வைத்து வேலை செய்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

ஜேசான்பி இப்படி ஃபீல்ட் வரிசையை மாற்றுவதால் இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். பணம் செலுத்தும் சேவைகள் அனுப்பும் அறிவிப்புகளில் ஒரு கையொப்பம் இருக்கும். அது வந்த பைட்டுகளின் மேல் கணக்கிட்டது. அந்த ஜேசானை ஜேசான்பியில் போட்டு எடுத்துப் பிறகு சரிபார்த்தால் பொருந்தவே பொருந்தாது. மூலத்தை வந்தபடியே பைட்டாகவோ டெக்ஸ்டாகவோ வையுங்கள்.

தேடலைப் பற்றி. எஸ்கியூஎல்லில் நிபந்தனை சொல்லும் ‘வேர்’ (where) பகுதியில் அடிக்கடி வரும் எதுவும் ஜேசானுக்குள் இருக்கக் கூடாது என்பது என் விதி. ஜேசானுக்குள் தேட உதவும் ஜின் இண்டெக்ஸ் இருக்கிறது, உள்ளடக்கத்தைச் சோதிக்கும் @> குறி இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் ஜேசானுக்குள் இருக்கும் ஒரு ஃபீல்டின் மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற புள்ளிவிவரத்தைப் போஸ்ட்கிரெஸ் சேகரிப்பதில்லை. அதனால் எத்தனை வரிசை வரும் என்று தப்பாகக் கணித்து, தப்பான திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஃபீல்டின் மேல் எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸ் போட்டால் அதற்கான புள்ளிவிவரம் சேரும். போஸ்ட்கிரெஸ் 12-இலிருந்து ஜெனரேட்டட் நெடுவரிசையும் போடலாம். ஜேசானில் இருப்பதை டேட்டாபேஸே எடுத்துத் தனி நெடுவரிசையாக வைத்துக்கொள்ளும், ஹைபர்நேட்டில் அதைச் சாதாரண ஃபீல்டாக, படிக்க மட்டும் என்று மேப் செய்யலாம். அமைக்கும் நேரத்தை வைத்து லாரிகளை வரிசைப்படுத்த வேண்டிவந்தபோது, எளிய வழியாக அந்த ஃபீல்டையே நிஜ நெடுவரிசையாக வெளியே எடுத்துவிட்டோம். ஒன்று வெளியே வரத் துடிக்கிறது என்றால் விட்டுவிடுவதே மேல். அப்புறம், ஒரு ஃபீல்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விக்குறி ஆபரேட்டரை ஜேடிபிசியில் (ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பு முறை) எழுதினால் அதைப் பாராமீட்டர் என்று நினைத்துக்கொள்ளும், இரட்டைக் கேள்விக்குறி போட வேண்டும்.

ஹைபர்நேட் 6.2-இலிருந்து எம்பெடபிள் கிளாஸையே, அதாவது தனி டேபிள் இல்லாமல் இன்னொன்றுக்குள் அடங்கும் கிளாஸையே, ஜேசானாக மேப் செய்யலாம். இதில் ஜாக்சனுக்கு வேலை இல்லை, ஹைபர்நேட்டே எழுதிப் படிக்கிறது. உள்ளே இருக்கும் ஃபீல்டுகளை ஹைபர்நேட்டின் வினவல் மொழியான ஹெச்கியூஎல்லில் புள்ளி வைத்துக் கேட்கலாம், ஒரு ஃபீல்டை மட்டும் திருத்தவும் செய்யலாம். டாட்நெட் உலகில் ஹைபர்நேட் போன்ற வேலை செய்யும் ஈஎஃப் கோர் 7 இதே பாதையில் 2022-இல் போனது. முகவரி போல வடிவம் மாறாத மதிப்புக்கு இது மிக நன்றாக இருக்கிறது. விருப்பங்களுக்கு நான் இன்னும் ஜாக்சனையே வைத்திருக்கிறேன், தெரியாத ஃபீல்டைக் காப்பாற்றும் வசதி எனக்கு அதில்தான் கிடைக்கிறது.

கடைசியாகச் சோதனைகள். எச்2 போன்ற நினைவக டேட்டாபேஸில் ஜேசான் மேப்பிங்கைச் சோதிப்பது நேர விரயம், அதன் ஜேசானும் போஸ்ட்கிரெஸின் ஜேசான்பியும் ஒன்றல்ல. டெஸ்ட்கண்டெய்னர்ஸில் நிஜப் போஸ்ட்கிரெஸை ஏற்றித்தான் ஓட்டுகிறோம். முக்கியமான சோதனை இரண்டே. ஒன்று, ஒரு ஆர்டரைப் படித்து, எதையும் தொடாமல் டிரான்சாக்ஷனை முடித்து, ஹைபர்நேட்டின் கணக்கில் அப்டேட் எண்ணிக்கை சுழியமா என்று பார்ப்பது. ஜேசான் இருக்கும் ஒவ்வொரு என்டிட்டிக்கும் இது உண்டு. மற்றது, ரெப்போவில் ‘பழையவை’ என்று ஒரு ஃபோல்டர். விருப்பங்கள் ரெக்கார்டின் வடிவம் மாறும்போதெல்லாம், மாறுவதற்கு முந்தைய ஜேசான் ஒன்று, பெயர் முகவரி எல்லாம் மாற்றப்பட்டு, அதில் கோப்பாகச் சேரும். சோதனை அந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் இன்றைய கோடால் படித்து, எழுதி, எதுவும் தொலையவில்லை என்று பார்க்கும். கோப்பு சேர்க்காமல் ரெக்கார்டைத் தொட்ட மாற்றத்தை ரிவ்யூவில் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். தம்பியும் இப்போது அதையே செய்கிறார்.